திரைக்குப் பின்னால் ஒரு பார்

“திரை இல்லையென்றால் கேக் இல்லை.”

டிசம்பர் மாதத்து முதல் ஞாயிறு, காலைச் சாப்பாட்டு மேசையில், கருவாட்டைக் கிள்ளி ரொட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்த என் கணவர் கத்பெர்ட்டிடம் இதை அறிவித்தேன். கேட்டுக்கொள்ளவில்லை, கெஞ்சவில்லை. வானொலியில் புயல் எச்சரிக்கை சொல்வார்களே, அந்தக் குரல்.

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் ரொட்டியைக் கீழே வைத்து நான் பார்த்தது அது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டு தடவையும் யாரோ செத்துப் போயிருந்தார்கள்.

“கேக்னா... பிளாக் கேக்கா?”

“அதேதான்.”

“ஜனவரியிலேர்ந்து பழமெல்லாம் ரம்முல ஊறிட்டிருக்கே, ஜோஸ்!”

“ஊறட்டும். அடுத்த ஜனவரி வரைக்கும் ஊறட்டும். அதுவும் மூணு வருஷமா என் திரை ஊறின மாதிரி ஊறட்டும்.”

டிரினிடாடில் கிறிஸ்துமஸ் என்றால் வீட்டுக்கு வீடு திரை மாற்றியாக வேண்டும். ஏசு பிறந்ததை அந்தக் காலத்தில் நட்சத்திரம் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நாங்கள் பக்கத்து வீட்டு ஜன்னல் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். ஆனால் எங்கள் வீட்டைக் கட்டிய புண்ணியவான், இழுத்துவிட்ட மேசை டிராயர் மாதிரி சுவரை விட்டு வெளியே துருத்தும் ஜன்னல்கள் இரண்டை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். கூடத்தில் ஒன்று. சமையலறையில் அதே அளவில் ஒன்று. நாலடி அகலம், ஓரடி ஆழம். நேர்க்கம்பி உதவாது. இரண்டு முனையும் மடங்கின கம்பி வேண்டும். “அந்த வளைவுக்கு இந்தத் தீவுலயே கம்பி கிடையாது” என்பது கத்பெர்ட்டின் மூன்று வருஷப் பாட்டு. அதனால் கூடத்து ஜன்னலில் ஆணி அடித்து ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அவருடைய தங்கை வெர்னா வந்தாள். கூடத்தில் நின்று அந்த விரிப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “ஏன் ஜோஸ்லின், துணி காயப்போட வெளியில இடம் இல்லையா?” என்றாள்.

இந்த வருஷமும் இருபத்து நாலாம் தேதி வெர்னா வருகிறாள். இப்போது புரிகிறதா, நான் ஏன் கேக்கை நிறுத்தினேன் என்று?

கத்பெர்ட்டுக்கு வேறு கவலை. அவருக்கு வண்டி சாய்கிறது.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய வேகன். ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்து, கப்பலேற்றி அனுப்பியது. நாங்கள் சாந்தா குரூஸில் இருக்கிறோம். எங்கே போவதென்றாலும் மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. ஐம்பத்து மூன்று வயதில், துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும் இந்த மனிதர் ஆறு மாதமாக மொபைலில் பந்தயக் கார் படங்களாகப் பார்த்துத் தள்ளுகிறார். அதிலிருந்து ஒரே புலம்பல்.

“வளைவுல திரும்பறப்போ வண்டி எப்படிச் சாயுது பார்த்தியா, ஜோஸ்?”

“உங்க பக்கமா சாயுதா, என் பக்கமா?”

“இடது பக்கம் திரும்பினா வலது பக்கம்.”

“வலது பக்கம் நீங்க உட்கார்ந்திருக்கீங்க. சாயாம என்ன செய்யும்? பாவம், ரப்பர் டயர்தானே.”

இவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. பிறகு அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு கணவன் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டால், அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை போன் வந்தது. மயாமியிலிருந்து சாமான் வரவழைத்துத் தருகிற அலுவலகத்துப் பெண்.

“மிஸஸ் லெசாமாவா? சார் எடுக்கல. அவர் பேர்ல ஒரு பார் வந்திருக்கு மேடம்.”

“என்ன வந்திருக்கு?”

“பார். பின்பக்கத்து பார்னு போட்டிருக்கு. நல்ல கனம். தூக்க ஆள் கூட்டிட்டு வாங்க.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் ஏற்கெனவே நாலு பார் இருக்கிறது. முனையில் ஒன்று, நடுவில் ஒன்று, சர்ச்சுக்கு எதிரே ஒன்று. சர்ச்சுக்கு எதிரே இருப்பதில் இடம் கிடைக்காதவர்களுக்காக அதற்குப் பக்கத்தில் ஒன்று. கொல்லையில் மாமரத்தடியில் நாலு முக்காலி போட்டால் எப்படியிருக்கும் என்று கத்பெர்ட் பல தடவை பெருமூச்சு விட்டிருக்கிறார். முக்காலிக்கு முன்னால் பாரையே வரவழைத்துவிட்டாரா?

சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

“உங்க பார் வந்திருக்காம்.”

ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியேயும் அப்படியே நின்றுவிட்டார்.

“எந்த... பார்?”

“எத்தனை வரவழைச்சிருக்கீங்க? பின்பக்கத்து பாராம். யாரைக் கேட்டு என் கொல்லையில கடை திறக்கறீங்க? சர்ச்சுக்குப் போறவங்க வர்றவங்க எல்லாரும் நம்ம மாமரத்தடியில வந்து விழணுமா?”

“ஐயோ, அது குடிக்கிற பார் இல்ல, ஜோஸ்! பார்னா கம்பி! இரும்புக் கம்பி!”

“என்ன கம்பி?”

இந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன், இரண்டு நாள் சூப்பில் உப்புப் போட மறந்திருப்பேன், முடிந்திருக்கும். ஆனால் அவருடைய பார்வை கூடத்துக்குப் போனது. ஜன்னலுக்குப் போனது. அந்தப் படுக்கை விரிப்பில் போய் நின்றது. முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

“வளைஞ்ச கம்பி. ரெண்டு முனையும் மடங்கினது. நீ கேட்டியே, ஜன்னலுக்கு. சொல்லாம கொண்டு வந்து மாட்டலாம்னு இருந்தேன்...”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம்பிவிட்டேன். மூன்று ராத்திரியும் இரண்டு பகலும் முழுசாக நம்பினேன். கன்னத்தில் முத்தம்கூடக் கொடுத்தேன். மறுநாள் சார்லட் தெருவுக்கு ஓடிப்போய், உள்துணி வைத்துத் தைக்கிற மாதிரி ஒயின் நிறத்தில் ஒன்பது கெஜம் துணி வாங்கி வந்தேன். நல்ல கனமான துணி. என் மனசு அன்றைக்கு இருந்த லேசுக்கு, துணியாவது கனமாக இருக்கட்டுமே!

சனிக்கிழமை பெட்டியை நானே பிரித்தேன்.

சிவப்பு நிறத்தில், என் கட்டைவிரலைவிடத் தடிமனாக ஒரு கம்பி. நாலடி நீளம். இரண்டு முனையும் அழகாக மடங்கி, நுனி தட்டையாகி, தட்டையில் ஆளுக்கொரு துளை. கூடவே ரப்பர் வைத்த இரண்டு பிடிகள், கல்யாண மோதிரம் சைஸில் போல்ட்டுகள், ஒரு சின்னப் பொட்டலம்.

“கம்பியைப் பிடிக்கிற பிடிக்கு ரப்பர் எதுக்குங்க?”

“திரையை இழுக்கறப்போ சத்தம் வரக் கூடாதில்ல.”

“இந்தப் பொட்டலம்?”

“கிரீஸ்.”

“திரைக்குக் கிரீசா?”

“வழுக்கிட்டுப் போகும்.”

“இந்தத் தாள்ல கார் படம் போட்டிருக்கே?”

“அது அந்தக் கம்பெனியோட சின்னம்.” தாளை என் கையிலிருந்து பிடுங்கி நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “சில கம்பெனிக்கு யானை, சிலதுக்குக் கார்.”

“காருக்கு அடியில ஒரு ஆள் படுத்திருக்கானே?”

“அவன்தான் முதலாளி.”

கான்வென்டில் எங்களுக்கு சிஸ்டர் பெனடிக்டா என்று ஒருவர் இருந்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் கதை விடுகிற பெண்ணை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. மேலும் மேலும் கேள்விதான் கேட்பார். நாய் நோட்டைத் தின்றதா? என்ன நிற நாய்? முதலில் எந்தப் பக்கத்தைத் தின்றது? பத்து நிமிஷத்தில் அந்தப் பெண் தானே அழுதுவிடும். கத்பெர்ட் கான்வென்டில் படிக்காதவர். அழவில்லை, வியர்த்தார்.

“சரி, மாட்டுங்க” என்றேன்.

“இப்பவேயா? கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கே. பெட்டியிலயே இருக்கட்டும்...”

“இப்பவே.”

மாட்டினார். தன் கையாலேயே சுவரில் துளை போட்டு, தன் கையாலேயே ரப்பர் பிடிகளை முடுக்கி, ஏணியிலிருந்து இறங்கும்போது அவர் அதைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, விமான நிலையத்தில் பிள்ளைகளை வழியனுப்புகிறவர்கள் பார்ப்பது. நான் திரையின் மேல் விளிம்பை உறை மாதிரித் தைத்திருந்தேன். கம்பி அதற்குள் முழுசாக மறைந்துபோனது. இரண்டு நுனி மட்டும் வெளியே. அந்தத் துளைகளில் தங்க நிறக் குஞ்சம் கட்டினேன். பார்த்தால் கவர்னர் மாளிகை.

மறுநாள் இரண்டாவது ஞாயிறு. பக்கத்து வீட்டு பூத்ராம், வெல்டிங் வேலைக்காரர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். கத்பெர்ட் இந்தப் பக்கம். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம். திரை கண்ணைத்தான் மறைக்கும், காதை என்ன செய்யும்?

“வண்டியோட ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துக் கட்டற கம்பி, பூத்ராம். அது இருந்தா வளைவுல வண்டி சாயாது. ஒரு பக்கம் எழும்பப் பார்த்தா இன்னொரு பக்கம் பிடிச்சு இழுத்து வைக்கும். தனியா ஒரு பக்கம் ஆட்டம் போடவே முடியாது.”

இதற்கு எங்கள் சர்ச்சில் கல்யாணம் என்று பெயர். மயாமியிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

“இப்ப அது எங்க?” என்றார் பூத்ராம்.

“ஜன்னல்ல.”

“எந்த ஜன்னல்ல?”

“வீட்டு ஜன்னல்ல, ஐயா. திரை தொங்குது.”

பூத்ராம் சிரித்த சிரிப்பில் வேலி ஆடியது. கத்பெர்ட் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தின குரல் எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

“அதே மாதிரி ஒண்ணு, ரெண்டு பிடியோட செஞ்சு தா. அதே தடிமன், அதே வளைவு, நுனியில அதே துளை. அவ துளையில குஞ்சம் வேற கட்டியிருக்கா. ஏதாவது மெல்லிசு குழாயில செஞ்சு சிவப்பு அடிச்சுடு. அடுத்த ஞாயிறு அவ பூசைக்குப் போறப்போ மாத்திடறேன்.”

“ஜோஸ்லின் அக்காவுக்குத் தெரிஞ்சா?”

“அவளுக்குக் கம்பின்னா கம்பி. என்ன தெரியும்?”

கேட்டீர்களா? வண்டி உருளாமல் பிடிக்கக் கம்பி வாங்கினார். இவர் உருட்டுவதைப் பிடிக்க எந்த நாட்டில் கம்பி விற்கிறார்கள்?

மூன்றாவது ஞாயிறு அவருக்கு முழங்கால் வலி.

“நீ மட்டும் பூசைக்குப் போயிட்டு வா, ஜோஸ். எனக்காகவும் வேண்டிக்கோ.”

“வேண்டிக்கறேன். உங்களுக்கு அது அவசியம் வேணும்.”

போனேன். மண்டியிட்டேன். உண்மையாகவே ஒரு தீர்மானத்தோடுதான் திரும்பினேன்: போகட்டும், அவர் கம்பி அவருக்கு. குழாய் என் திரையைத் தாங்கினால் எனக்கென்ன? வளைந்த கம்பி வேண்டும், வந்துவிட்டது. வெர்னாவுக்கு உள்ளே இருப்பது எஃகா குழாயா என்று எப்படித் தெரியும்? சர்ச்சிலிருந்து வீடு வரைக்கும் நான் நல்ல மனுஷியாக இருந்தேன்.

கூடத்துக்கு வந்து பார்த்தால், திரை நடுவில் தொங்குகிறது. கயிற்று ஊஞ்சல் மாதிரி. ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம்.

“என்னங்க இது?”

சோபாவில் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். கெட்டிக்காரர், தடவினது நல்ல முழங்காலை.

“எது?”

“திரை தொங்குது.”

“திரைன்னா தொங்கத்தான் செய்யும்.”

“நடுவில தொங்குது.”

“புதுத் துணியில்ல? முதல்ல கொஞ்சம் இறங்கும். அப்புறம் பழகிடும்.” சொல்லிவிட்டு, வலிக்கிற காலோடு விறுவிறுவென்று குளியலறைப் பக்கம் கம்பி நீட்டிவிட்டார்.

நான் அந்தத் திரைக்கு முன்னால் நின்றேன். ஒன்பது கெஜம். உள்துணியோடு. இரண்டு ராத்திரி தையல். என் காதில் வெர்னாவின் குரல் இப்போதே கேட்டது. “ஏன் ஜோஸ்லின், திரையும் எங்க அண்ணன் மாதிரி நடுவில இறங்கிடுச்சே?” அவள் கேட்பாள். வார்த்தைக்கு வார்த்தை இதையேதான் கேட்பாள்.

நல்ல மனுஷியாக இருந்தது போதும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனதும் தேட ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அவர் எதை ஒளித்தாலும் ஒரே இடம்தான்: கட்டிலுக்கு அடியில், எப்போதோ ஒரு கார்னிவலுக்கு அவர் ரோமானியத் தளபதி வேஷம் போட்டபோது தைத்த சிவப்பு அங்கிக்குள். இழுத்தேன். கனத்தது. என் கம்பி.

பூத்ராமின் மனைவி ருக்மின் வேலியோரமாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“ருக்மின், ஒரு நிமிஷம் ஏணியைப் பிடிக்க வா.”

வந்தாள். கீழே கிடந்த கம்பியையும் மேலே தொங்கின குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, இது ரெண்டும்...”

“உன் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலயா?”

“அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காராம் அக்கா, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. அதனால எனக்கு மட்டும்தான் சொன்னார்.”

“நல்ல மனுஷன். பிடி.”

இருபது நிமிஷம். குழாயை உருவினேன், கம்பியைச் செருகினேன். பூத்ராம் செய்து கொடுத்த பிடிகளில் அளவு பிசகாமல் உட்கார்ந்தது. வேலை தெரிந்த ஆள். துணி நிமிர்ந்து நின்றது, அணிவகுப்பில் சிப்பாய் மாதிரி. குஞ்சத்தைக் கட்டினேன். குழாயை ரோமானியத் தளபதிக்குள் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

“அண்ணனுக்குத் தெரிஞ்சுடாதா, அக்கா? அந்தக் குழாய் எவ்வளவு லேசா இருக்கு!” என்றாள் ருக்மின்.

“அவருக்குக் கம்பின்னா கம்பி” என்றேன். “என்ன தெரியும்?”

சாயங்காலம் வந்தவர் திரையைப் பார்த்தார். அசந்துபோனார்.

“நான் சொன்னேனில்ல? பழகிடும்னு?”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

சந்தேகமாகப் பார்த்தார். இருபத்தேழு வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை காலையில் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு மரக்கட்டைகளில் உட்கார வைத்தார். என்னிடம் சொன்னது, பிரேக் பார்க்கிறார் என்று. பூத்ராமையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். நான் எலுமிச்சை ஜூஸ் எடுத்துக்கொண்டு போனபோது வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. படத்தில் பார்த்த அந்த முதலாளி மாதிரியே.

“பூத்ராம், அந்தச் சிவப்புத் துணியைப் பிரிச்சு உள்ள இருக்கறதைக் கொடு” என்றது அடியிலிருந்து குரல்.

பூத்ராம் பிரித்தார். கையில் எடுத்தார். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. தான் பெற்ற பிள்ளையைத் தகப்பனுக்குத் தெரியாமல் போகுமா? நுனியில் தன் சுத்தியல் தட்டின இடத்தைத் தடவினார். மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் ஜூஸை நீட்டினேன்.

“பூத்ராம், இந்த வருஷம் கேக் உங்களுக்கு எவ்வளவு பெரிய துண்டா வெட்டட்டும்?”

அவர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேலிக்கு மேலே தெரிந்த ருக்மினின் தலையைப் பார்த்தார்.

“பெரிசா, அக்கா” என்றார். “ரொம்பப் பெரிசா.” குழாயை வண்டிக்கு அடியில் கொடுத்தார்.

அடியிலிருந்து நீண்ட கை அதை வாங்கி, இரண்டு தடவை தூக்கிப் பார்த்தது.

“என்ன லேசு!” என்றது குரல். “பார்த்தியா பூத்ராம்? அன்னிக்கு ஜன்னல்ல... அதாவது... அன்னிக்குப் பெட்டியில தூக்கினப்போ இவ்வளவு லேசா தெரியல. கையில பிடிச்சாத்தான் தெரியுது. உசத்தியான எஃகுன்னா இப்படித்தான் இருக்கும்!”

“உங்க கையில வந்ததும் லேசாயிடுச்சு அண்ணே” என்றார் பூத்ராம். துண்டு இன்னும் பெரிசாக வெட்ட வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

ஜன்னலிலிருந்து அவர் கழற்றி எடுத்துவைத்திருந்த அதே ரப்பர் பிடிகள், அதே கிரீஸ், அதே போல்ட்டுகள். முடுக்கினார், முக்கினார், யாரையோ திட்டினார். மதியம் தாண்டி வெளியே வந்தபோது மூக்கு நுனியிலிருந்து தொப்புள் வரைக்கும் கிரீஸ். முகத்தில் மட்டும் தேர்த் திருவிழா. நான் உள்ளே போய், ஜனவரியிலிருந்து ஊறின பழ ஜாடியைத் திறந்தேன். கேக் வேலையைத் தொடங்கினேன். என் பங்குக்கு நான் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டாமா? திரைதான் வந்துவிட்டதே.

நாலாவது ஞாயிறு. பூசை முடிந்ததும், “வா ஜோஸ், மராகஸ் கடற்கரைக்குப் போய் சுறா ரொட்டி சாப்பிட்டு வரலாம்” என்றார். கடைசியாக அவர் என்னைக் கடற்கரைக்குக் கூப்பிட்டது எங்கள் சின்ன மகன் பிறப்பதற்கு முன்னால். அவனுக்கு இப்போது மீசை இருக்கிறது.

மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கீழே கடல். முதல் வளைவில் வண்டி எப்போதும் சாய்கிற மாதிரி சாய்ந்தது. நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். சர்ச் தொப்பி என் காதுக்கு வந்தது.

“எப்படி?” என்றார்.

“எது எப்படி?”

“வண்டியில ஒரு வித்தியாசம் தெரியல?”

இரண்டாவது வளைவில் என் கைப்பை மடியிலிருந்து கிளம்பி அவர் மடிக்குப் போனது. மூன்றாவதில் திரும்பி வந்தது.

“அப்படியே தரையைப் பிடிச்சுட்டு நிக்குது பார்! தண்டவாளத்துல போற மாதிரி!” என்றார், ஸ்டியரிங்கில் ஒரு பக்கமாகச் சரிந்தபடி.

ஒரு பள்ளத்தில் இறங்கினோம். பின்னால் அடியில் ‘டொங்’ என்று சத்தம்.

“அது என்னங்க சத்தம்?”

“அதுவா? பிரேக். புதுசா பார்த்தேனில்ல? வேலை செய்யுது.”

டொங்.

“ரொம்ப வேலை செய்யுதே.”

“ஆமா. கடுமையா உழைக்குது.”

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சுறா ரொட்டியில் மாங்காய்ச் சட்னியும் பூண்டுச் சாறும் வழிய வழிய வாங்கிக் கொடுத்தார். மிளகாயை நான் கேட்காமலே நிறையப் போட்டு வந்தார். இவ்வளவு உபசாரம் செய்கிற கணவனுக்கு வாய்க்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் கடலைப் பார்த்தபடி சாப்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. சில சமயம் சிஸ்டர் பெனடிக்டாவும் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார். அதைத்தான் யாராலும் தாங்க முடியாது.

கத்பெர்ட்டால் ரொட்டி பாதியாகும் வரைக்கும் தாங்க முடிந்தது.

“ஜோஸ், ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“நம்ம ஜன்னல்ல தொங்குதே, அது நான் வரவழைச்ச கம்பி இல்ல.”

“அப்படியா?”

“அது பூத்ராம் செஞ்ச குழாய்.” சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பூண்டுச் சாறு தாடையில் வழிந்தது. “நீ பூசைக்குப் போயிருந்தப்போ மாத்திட்டேன். நீ கண்டுபிடிக்கவே இல்ல! அசல் கம்பி காருக்கானது. திரைக்கானது இல்லவே இல்ல! அது இப்ப நம்ம வண்டிக்கு அடியில இருக்கு. அதான் கொஞ்சம்கூட சாயாம வந்தோம். கான்வென்ட்ல படிச்ச உன்னையே ஏமாத்திட்டேன் பார்த்தியா? இருபத்தேழு வருஷத்துல முதல் தடவை!”

அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகு நாளாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். விட்டும் இருப்பேன். அவர்தான் நிறுத்தவில்லை.

“பின்பக்கத்துக்கே இந்த மாற்றம்னா யோசிச்சுப் பாரு” என்றார், கையைத் துடைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு. “உன்கிட்ட மறைக்கறதுக்கு இனிமே என்ன இருக்கு? முன்பக்கத்துக்கும் ஒரு பார் சொல்லிட்டேன். அடுத்த மாசம் வந்துடும்.”

நான் விரலில் ஒட்டியிருந்த சட்னியை நக்கினேன். தொப்பியை நேராக வைத்துக்கொண்டேன்.

“வரட்டும்” என்றேன். “சமையலறை ஜன்னலும் அதே அளவுதான்.”